முயல் வேட்டைக்கு எதிராக ஒரு கை

"எதிர்ப்பவர்கள் யாராவது உண்டா?" என்று பிஷப் ஒட்டசன் கேட்டது பதிலை எதிர்பார்த்து அல்ல. ஹீலமன் ஊர்ச் சபையில் அது ஒரு கேள்வியே அல்ல, மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம். முதலில் "சம்மதிப்பவர்கள் வலது கையை உயர்த்துங்கள்" என்பார். இருநூறு கைகள் ஒன்றாக எழும். தூங்குகிற கணவன்மாரின் கைகளை மனைவிமார் முழங்கையில் தட்டி எழுப்பிவிடுவார்கள். அதன் பிறகு எதிர்ப்பைக் கேட்பார். கேட்டு முடிப்பதற்குள் அவர் விரல் அடுத்த பாட்டின் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கும். மார்மன்கள் என்கிற எங்கள் கிறிஸ்தவப் பிரிவினர் ஒவ்வொரு காரியத்துக்கும் இப்படிக் கை தூக்குகிறவர்கள். பாட்டுக்குழுத் தலைவி மாறினாலும் கை, மாதர் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்தாலும் கை. அவர் பிஷப்பான இந்த இருபத்திரண்டு வருடங்களில் எதிர்ப்புக் கேள்விக்கு ஒரு சுண்டுவிரல்கூட எழுந்ததில்லை.

1924 பிப்ரவரியில், ஒரு ஞாயிறு பிற்பகல் ஆராதனையில், மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. நேராக, விரல்கள் சேர்ந்து, கடைக்காரரிடம் சாமான் கேட்கிற கை மாதிரி.

கை மெட்டே லார்சனுடையது. ஹீலமனில் நான்கு மெட்டே லார்சன்கள் உண்டு. டென்மார்க்கிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் முன்னோர்களுக்குப் பக்தி அதிகம், பெயர்கள் குறைவு. அதனால் ஆளுக்கு ஒரு பட்டப்பெயர் வைக்காமல் இங்கே தபால்கூட விநியோகம் ஆகாது. ஒருத்தி கோணக்கதவு மெட்டே, ஒருத்தி இரட்டைப்பிள்ளை மெட்டே, ஒருத்தி செவிட்டு மெட்டே. நம்மவள் ஊறுகாய் மெட்டே. ஐம்பத்துநான்கு வயது. அவள் போடும் பீட்ரூட் ஊறுகாய்க்காகச் சண்டை போட்டுக்கொண்ட குடும்பங்கள் உண்டு. சபையில் எந்த விருந்து நடந்தாலும் அடியறைச் சமையல்கட்டு அவள் கையில்தான்.

அந்தக் கை எதற்காக எழுந்தது என்றால், வருடாந்தர முயல் வேட்டையை எதிர்த்து.

அந்த வேட்டையைப் பற்றி ஊரில் ஒருவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஓடைக்குக் கிழக்கே இருப்பவர்கள் ஒரு கட்சி, மேற்கே இருப்பவர்கள் ஒரு கட்சி. மைல் நீளத்துக்கு வரிசை கட்டி, தகரத்தைத் தட்டிக்கொண்டு, காட்டுமுயல்களை விரட்டி ஒரு பட்டிக்குள் அடைப்பார்கள். பிறகு கட்டையால் அடித்துக் கொல்வார்கள். எந்தக் கட்சி குறைவாக அடித்ததோ அது மற்றக் கட்சிக்குச் சிப்பிச் சூப்பும் கோழி வறுவலும் போட்டு, பிடில் வாசித்து, நடனம் வைக்க வேண்டும். ஜெபத்தோடு ஆரம்பித்து ஜெபத்தோடு முடியும். முயல்களைப் பள்ளத்தில் கொட்டிவிட்டு வருவார்கள்.

இப்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெட்டேக்கு முயல்கள் மேல் ஒரு பாசமும் கிடையாது. போன குளிர்காலத்தில் அவள் வீட்டுக் குதிரைமசால் தீவனப் போரில் பாதியை முயல்கள்தான் தின்று தீர்த்தன. தோட்டத்துக்குள் வந்த முயல்களை மண்வெட்டியால் அவளே அடித்திருக்கிறாள். அடித்ததை உரித்து, வெங்காயம் போட்டுச் சமைத்தும் இருக்கிறாள். அவளுடைய எதிர்ப்புக்கு முழுப் பொறுப்பும் பிஷப்புடையது. ஏனென்றால் அன்று காலை ஞாயிறுப் பள்ளியில் ஜீவகாருண்ய ஞாயிறு. வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்கு மிருகங்களிடம் அன்பாயிருக்கச் சொல்லிக்கொடுக்கும் நாள். அச்சிட்ட பாடத்தை ஒரு வாரம் முன்பே மெட்டேயிடம் கொடுத்து, ஐந்து நிமிடம் பேசச் சொன்னவர் பிஷப்தான். மற்றப் பெண்களிடம் கொடுத்திருந்தால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நாய்க்குட்டிக் கதை ஒன்று சொல்லியிருப்பார்கள். மெட்டேயிடம் ஒரு தாளைக் கொடுத்தால் அவள் படித்துவிடுவாள். அதுதான் தொல்லை.

பாடத்தில் என்ன இருந்தது? ஆதி நாட்களில் பயணத்தின்போது கூடாரத்துக்குள் விரியன் பாம்புகள் வந்தன என்றும், அடிக்கப் போனவர்களை எங்கள் சபையை நிறுவிய தீர்க்கதரிசி தடுத்தார் என்றும், மனிதன் தன் விஷத்தை விடாமல் பாம்பு தன் விஷத்தை எப்படி விடும் என்று கேட்டார் என்றும் இருந்தது. ஆட்கள் அந்தப் பாம்புகளைக் குச்சிகளில் ஏந்தி ஓடைக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தார்கள் என்றும் இருந்தது. மிருகங்களுக்கும் ஆவி உண்டு, மறுமையிலும் அவை இருக்கும் என்று இருந்தது. தேவையில்லாமல் ரத்தம் சிந்துகிறவனும் இறைச்சியை வீணாக்குகிறவனும் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்று இருந்தது. வேடிக்கைக்காகக் கொல்வது பாவம் என்று அழுத்தம்திருத்தமாக இருந்தது. மெட்டே இதையெல்லாம் காலை பத்தரை மணிக்கு எழுபது பிள்ளைகளுக்குச் சொன்னாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிஷப் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிற்பகல் இரண்டரை மணிக்கு அதே தலை, அதே மேடையில், வரும் சனிக்கிழமை முயல் வேட்டைக்குச் சபையின் சம்மதத்தைக் கேட்டது. சும்மா அறிவித்திருக்கலாம். சம்மதம் கேட்க எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பழக்கதோஷம். கையைத் தூக்கிப் பழகிய ஊரில் கேட்டும் பழகிவிட்டது.

கையைப் பார்த்ததும் பிஷப் முதலில் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தாராம். வெளியே போக வேண்டுமா என்று கேட்கிற பார்வை பார்த்தார். கை இறங்கவில்லை. முழுச் சபையும் திரும்பிப் பார்த்தது. பெஞ்சுகள் கிறீச்சிட்டன. கடைசியில், பிறகு ஒரு நாள் சகோதரி லார்சனோடு பேசுவதாகச் சொல்லிவிட்டு, பிஷப் தவறான எண்ணில் ஒரு பாட்டை அறிவித்தார். எல்லோரும் அதையே பாடினார்கள். அது சவ அடக்கப் பாட்டு.

கணவர் நீல்ஸ் அவளோடு வீட்டுக்கு நடந்தார். அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. வாசலில் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டும்போது மட்டும், கிழக்குக் கட்சிக்குத் தான்தான் இந்த வருடத் தலைவர் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு மாட்டைக் கறக்கப் போனார்.

திங்கட்கிழமை காலை சபையின் எழுத்தர் ராஸ்முஸ் வந்தார். கக்கத்தில் எண்ணெய்த்துணி சுற்றிய நடவடிக்கைப் புத்தகம். ராஸ்முஸின் கையெழுத்து பார்க்க வெள்ளிக்கம்பி இழுத்த மாதிரி இருக்கும். அதன் ரகசியம் ஊரறிந்தது. ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போவதை அவர் சனிக்கிழமை மாலையே, நிதானமாக, நல்ல வெளிச்சத்தில் எழுதி முடித்துவிடுவார். யார் ஜெபம் செய்தார்கள், என்ன பாட்டு, எது ஏகமனதாக நிறைவேறியது, எல்லாம். ஹீலமனில் அப்படி எழுதுவதில் ஆபத்து எதுவும் இருந்ததில்லை.

அவர் புத்தகத்தை மேஜைமேல் விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார். முயல் வேட்டை ஏகமனதாக நிறைவேறியிருந்தது.

"சகோதரி, நீங்க கையை எதுக்குத் தூக்கினீங்க?" என்றார்.

"எதிர்க்கிறவங்க தூக்கச் சொன்னாரே."

"அது சும்மா கேக்குறது."

"இருபத்திரண்டு வருஷமா சும்மாவா கேட்டாரு?"

ராஸ்முஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தப் புத்தகத்தில் இதுவரை ஓர் அடித்தல் கிடையாது, ஒரு மைக்கறை கிடையாது என்றார். அவள் உதவினால் இந்த வருடமும் இருக்காது என்றார். தலைமுடியைச் சரிசெய்ய எடுத்த கையாக இருக்கலாம். இல்லையென்றால் ஈ ஓட்டியிருக்கலாம்.

"பிப்ரவரியில ஈயா, ராஸ்முஸ்?"

அப்படியானால் தோள்வலி என்று போட்டுக்கொள்ளலாமே என்றார். தோளுக்கு என்ன, நேற்றுக்கூட இரண்டு வாளித் தண்ணீரை ஒரே கையில் தூக்கினேன் என்றாள் அவள். அவருக்கு ஊறுகாய் ஒரு ஜாடி கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். கதவருகில் நின்று, பிஷப் தன்னை அனுப்பவில்லை என்றும், ஆனால் வியாழக்கிழமை பிஷப் ஆலயச் சீட்டுகளில் கையெழுத்துப் போடப்போகிறார் என்பதை அவள் மறந்துவிடக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். யாரும் அனுப்பாத ஆளுக்கு அவர் சொன்ன சேதி ரொம்பவே கச்சிதமாக இருந்தது.

விஷயம் அங்கேதான் இருந்தது. அடுத்த புதன்கிழமை மெட்டேயின் கடைசி மகள் சிக்ரிடுக்கு மான்டை ஆலயத்தில் கல்யாணம். எங்கள் ஆலயம் ஞாயிறு ஆராதனைக் கட்டடம் அல்ல; அதற்குள் யாரும் சும்மா நுழைந்துவிட முடியாது. பிஷப் கேள்வி கேட்டுக் கையெழுத்துப் போட்டு, அவருக்கு மேலே வட்டாரத் தலைவரும் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். சீட்டு இல்லையென்றால் பெற்ற தாயானாலும் வெளியேதான். மூத்த மகன் சிறுவயதில் இறந்துபோனான். நடுமகள் ஐடஹோவில் கோர்ட்டில் கல்யாணம் செய்துகொண்டவள். நித்தியத்துக்கும் பிணைக்கிற அந்தச் சடங்கில் தன் பிள்ளை ஒன்று மண்டியிடுவதைப் பார்க்க மெட்டேக்கு இருந்தது இந்த ஒரே வாய்ப்புத்தான். அது அவளுக்கும் தெரியும், பிஷப்புக்கும் தெரியும், ஊறுகாய் ஜாடியோடு போன ராஸ்முஸுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமைக்குள் அவளுடைய பட்டப்பெயர் மாறிவிட்டது. கடையில் மாவு வாங்கப் போனபோது கல்லாவில் இருந்தவன் உள்ளே பார்த்து, கைதூக்கி மெட்டேக்குப் பத்து ராத்தல் என்று குரல் கொடுத்தான். மாதர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து, பாவம், உனக்குக் கல்யாண வேலை நிறைய இருக்குமே, சனிக்கிழமைச் சமையலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னார்கள். எங்கள் ஊரில் ஒருவரைப் பதவியிலிருந்து இறக்குவது அனுதாபத்தோடுதான் நடக்கும்.

அன்று மாலை சிக்ரிட் ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிசைவதைவிட அதிகமாகக் குத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தோள் வலிச்சுதுன்னு சொல்லிடேன். ஒரு வார்த்தைதானே."

மெட்டே அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"முயலுக்காக என் கல்யாணத்த விட்டுடுவியா?"

"முயலுக்காக இல்ல."

"பின்ன எதுக்கு?"

"சிக்ரிட், ஆலயத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி நீ உண்மை பேசுறவளான்னு கேப்பாங்க. பொய் சொல்லிட்டு வந்து, ஆமான்னு சொல்லவா? உன் கல்யாணத்துக்கு நான் அப்படி வந்து நிக்கவா?"

சிக்ரிட் மாவை அப்படியே விட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ரொட்டியை மெட்டேதான் சுட்டாள். நன்றாக வரவில்லை. மூன்று பேரும் அதையே சாப்பிட்டார்கள். உலர்ந்த பிளம்ஸும் ஜவ்வரிசியும் போட்டுக் காய்ச்சிய இனிப்புச் சூப்பைக்கூட யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. லார்சன் வீட்டில் அது பெரிய துக்கத்தின் அடையாளம்.

வியாழக்கிழமை பிஷப் வீட்டு முன்னறையில் ஆறேழு பேர் சீட்டுக்காகக் காத்திருந்தார்கள். தன் முறை வந்ததும் மெட்டே உள்ளறைக்குப் போனாள். பிஷப் ஹான்ஸ் ஒட்டசன் கெட்டவர் அல்ல. பாலாடைக்கட்டிப் பட்டறை நடத்துகிற, பருத்த, சீக்கிரம் வியர்க்கிற மனிதர். யாராவது இறந்தால் முதல் ஆளாகச் சென்று குழி வெட்டுவார். மெட்டேயும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவர்கள். வழக்கமான கேள்விகளைக் கேட்டார். தசமபாகம் செலுத்துகிறாயா, அண்டைவீட்டாரோடு சமாதானமாக இருக்கிறாயா. எல்லாவற்றுக்கும் ஆம் என்றாள். காபி, மது, புகையிலையை விலக்கச் சொல்லும் உடல்நலக் கட்டளையைக் கடைப்பிடிக்கிறாயா என்று கேட்டபோது, பின்கட்டிலிருந்து காபி வறுத்த வாசனை வந்தது. டேனிஷ்காரர்களின் வீட்டில் அந்த வாசனைக்குப் பார்லி என்று பெயர்.

"கடைப்பிடிக்கிறேன்," என்றாள். "காபி குடிக்கிறதில்ல. பார்லியும் குடிக்கிறதில்ல. ஆனா பிஷப், அதே கட்டளையில இறைச்சிய அளவாத்தான் சாப்பிடணும், குளிர்காலத்துலயும் பஞ்சத்துலயுந்தான்னு இருக்கே. அத ஏன் யார்கிட்டயும் கேக்குறதில்ல?"

பிஷப் இருமினார். அது அறிவுரை, இது கட்டளை என்று ஏதோ சொன்னார். பிறகு பேனாவை மைக்கூட்டின் மேல் வைத்துவிட்டு, மேலே இருக்கிற தலைவர்களை ஆதரிக்கிறாயா என்ற கேள்விக்கு வந்தார்.

"உங்கள ஆதரிக்கிறேன். முயல் வேட்டைய எதிர்க்கிறேன்."

"ரெண்டும் எப்படி சேரும்?"

"நீங்கதான் காலைல பாடத்தையும் மத்தியானம் கட்டையையும் கையில குடுத்தீங்க. சேராததச் சேத்தது நானில்ல."

பிஷப் கைக்குட்டையை எடுத்தார். விவசாயிகளின் தீவனப் போர்களை முயல்கள் தின்கின்றன என்றார். கம்பிவேலி போடட்டும், சாப்பாட்டுக்குச் சுடட்டும், தானே உரித்துத் தருவதாகச் சொன்னாள். பெரியவர்கள் இந்த மண்ணுக்கு வந்தபோது மான்டைக் குன்றில் விரியன் பாம்புகளை நூற்றுக்கணக்கில் அடித்தார்களே, அடிக்காமல் இருந்தால் அங்கே ஆலயமே நின்றிருக்குமா என்று கேட்டார். நல்ல அடி என்று நினைத்திருக்க வேண்டும், நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பாம்பு படுக்கைக்குள்ள வந்துது, அடிச்சாங்க," என்றாள் மெட்டே. "அடிச்சுட்டு டான்ஸ் வெச்சாங்களா?"

முன்னறையில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். பிஷப் எழுந்துபோய்க் கதவை இறுக்கமாகச் சாத்திவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"மெட்டே, உனக்கு என்னதான் ஆச்சு? பதினஞ்சு வருஷம் அந்த விருந்துக்கு நீதானே சமைச்ச?"

அவள் தன் கையுறைகளின் விரல்களை நீவிவிட்டாள்.

"சமையல்கட்டுலதான இருந்தேன், ஹான்ஸ். போன வருஷம் அடிபட்ட ஒருத்தனுக்குக் கட்டுத்துணி எடுத்துக்கிட்டு முதல் தடவையா பட்டிக்கு வந்தேன். முயல் கத்தும்னு எனக்குத் தெரியாது. ஒண்ணு ரெண்டு அடிச்சப்ப கத்தினதில்ல. அங்க எல்லாம் சேந்து கத்துச்சு. கைக்குழந்தைங்க மாதிரி. நீ வேலிமேல நின்னு எண்ணிக்கிட்டிருந்த. சிரிச்சுக்கிட்டே எண்ணின. அப்பவே கையத் தூக்கியிருக்கணும். ஒரு வருஷம் லேட்டு."

பிஷப் பேனாவை எடுத்தார். சீட்டின் மேல் கொண்டுபோனார். நிறுத்தினார். நடவடிக்கைப் புத்தகத்தில் வரி மாறாமல் இருக்கட்டும், அதை மட்டும் ஒப்புக்கொள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கிட்டத்தட்டக் கெஞ்சினார். அவள் எழுந்து, அந்த வரியை அடித்து எழுதச் சொல்லிவிட்டு, காத்திருந்தவர்களுக்கு நடுவே வெறுங்கையோடு நடந்து போனாள். வாசல்வரை தலை நிமிர்ந்துதான் இருந்தது. ஓடைப் பாலம் தாண்டியதும் வேலித்தூண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் கிட்டே போகவில்லை.

சனிக்கிழமை வேட்டை நடந்தது. ஒரு கை எழுந்ததற்காக முயல்கள் தப்பிக்கும் என்று நினைத்தவர்கள் எங்கள் ஊரை அறியாதவர்கள். தொள்ளாயிரத்துச் சொச்சம். மேற்குக் கட்சி ஜெயித்தது. கிழக்குக் கட்சிக்குத் தலைவர் வரவில்லை. நீல்ஸ் லார்சன் அன்று முழுவதும் கொட்டகையில் உட்கார்ந்து, அறுந்துபோகாத ஒரு சேணவாரைத் தைத்துக்கொண்டிருந்தார். சிப்பிச் சூப்பில் பால் திரிந்துபோயிற்று. கோழி வெளியே கருகி உள்ளே சிவந்திருந்தது. விருந்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் எல்லோரும் ஒரு தடவையாவது சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். மெட்டே அந்த நேரத்தில் பள்ளத்தில் இருந்தாள். பனிவண்டியைக் கொண்டுபோய், ஊரே ஆடிக்கொண்டிருக்கிற பகல் வெளிச்சத்தில், தூக்க முடிந்த அளவுக்கு முயல்களை ஏற்றி வந்தாள். எழுபத்திரண்டு. ஞாயிறு வேலை செய்யக் கூடாது என்பதால் அன்றைக்கே உரித்து முடிக்க வேண்டியிருந்தது. சிக்ரிட் மாடியிலிருந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கி வந்து, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, இன்னொரு கத்தியை எடுத்தாள். திங்கட்கிழமை அந்த இறைச்சி ரயில்பாதை போடுகிறவர்களின் கூடாரங்களுக்குப் போனது. அவர்கள் கிரேக்கர்கள். பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது கழுவியே கொடுத்தார்கள்.

புதன்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டார் ஃபோர்டு காரில் முன்னால் போனார்கள். நீல்ஸும் மெட்டேயும் பனிவண்டியில் பின்னால். தான் குதிரையைப் பார்த்துக்கொள்ளப் போவதாக மெட்டே எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். இந்தக் குளிரில் ஒரு கிழட்டுப் பெண்குதிரையை மூன்று நான்கு மணி நேரம் வெட்டவெளியில் தனியே விட முடியாதல்லவா. கேட்டவர்கள் எல்லோரும், ஆமாம், குதிரை முக்கியம் என்றார்கள். மான்டைக் குன்றின் மேலே, ஆலயக் கதவருகே, சிக்ரிட் சடங்குக்கான வெள்ளை உடைப் பையைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மெட்டே மகளுடைய காலரைச் சரிசெய்து, உள்ளே போகச் சொன்னாள். நீல்ஸ் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மெட்டே குதிரையின் முதுகில் கம்பளியைப் போர்த்தி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால்விரல்கள் மரத்தன. இடையிடையே யாராவது தம்பதிகள் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். அவர்களை அவள் பார்க்கவில்லை.

பிஷப்பின் கார் குன்றடியில் நின்று இரண்டு தடவை வெடித்து அணைந்தது. ஒட்டசன் இறங்கி, வழுக்கி, சமாளித்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். அந்தக் குளிரிலும் வியர்த்திருந்தது.

அவளிடம் நேராகச் சொல்லவில்லை. குதிரையிடம் சொல்வது போலத்தான் சொன்னார். முந்தின நாள் வட்டாரத் தலைவரின் வீட்டுக்குப் போனாராம். அவர் மாட்டுக்கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தாராம். சபையில் ஒரு பெண் எதிர்ப்புக் கை தூக்கிவிட்டாள், என்ன தண்டனை என்று கேட்டாராம். நீங்கள் என்ன கேட்டீர்கள் என்றாராம் தலைவர். எதிர்ப்பவர்கள் உண்டா என்று கேட்டேன். அவள் எதிர்த்தாளா? எதிர்த்தாள். அப்புறம் உங்களுக்கு என்ன குறை என்று கேட்டுவிட்டு, தலைவர் மறுபடி மாட்டின் மடியில் கையை வைத்துவிட்டாராம். கறந்து முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மெட்டேயின் சீட்டை வாங்கிக் கையெழுத்தும் போட்டாராம். பிஷப் போட வேண்டிய முதல் கையெழுத்து இடம் காலியாக இருப்பதைச் சுட்டிக்காட்டினாராம். பிஷப் அங்கேயே, வைக்கோல் கட்டின் மேல் வைத்து, போட்டாராம்.

"ராஸ்முஸ் அந்த வரிய அடிச்சுட்டான்," என்றார். "அழுதுட்டான்."

சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார். நீட்டினார். மெட்டே பிடித்தாள். அவர் விடவில்லை.

"இன்னொண்ணு மட்டும், சகோதரி. அடுத்த வருஷம் தூக்க மாட்டேன்னு சொல்லுங்க. எனக்காக."

உள்ளே மணி அடித்தது. கதவு சாத்த இன்னும் கொஞ்ச நேரந்தான் இருந்தது. மெட்டே கதவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"கேட்டா தூக்குவேன்."

"அப்ப நான் கேக்கவே மாட்டேன்."

"கேக்கலேன்னாலும் தூக்குவேன், பிஷப்."

சீட்டு இரண்டு பேருடைய விரல்களுக்கும் நடுவில் விறைத்து நின்றது. அவருடைய கை முதலில் சோர்ந்தது. மெட்டே சீட்டை எடுத்துக்கொண்டாள். எடுத்த கையோடு, குதிரையின் கடிவாளத்தை அவர் கையில் திணித்தாள்.

"நாலு மணி நேரம் ஆகும். கம்பளி நழுவாம பாத்துக்கோங்க, அதுக்கு இடுப்புல குளிர் ஏறக் கூடாது," என்று சொல்லிவிட்டு, பாவாடையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படிகளில் ஓடாத குறையாக ஏறி உள்ளே போனாள்.

பிஷப் தன்னுடைய சீட்டையும் கொண்டுவந்திருந்தார், கல்யாணத்துக்கு அழைப்பும் அவருக்கு இருந்தது. ஆனால் கடிவாளத்தை யாரிடம் கொடுப்பது? சுற்றும்முற்றும் பார்த்தார். ஒருவரும் இல்லை. குதிரை அவர் தோளில் மூக்கைத் தேய்த்தது. சிறிது நேரம் கழித்து, நழுவிக்கொண்டிருந்த கம்பளியை அவர் இழுத்துச் சரியாகப் போர்த்தினார்.